பிளஸ் குறிக்கு அந்தப் பக்கம்

தியாகராஜர் 1847இல் சமாதியடைந்தார். அன்றிலிருந்து அவர் பாட்டுகளை மாற்று ஆள் போட்டுத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். யாரும் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்டதாகத் தகவல் இல்லை.

இந்த வாதத்தை நான் முதலில் எடுத்துவிட்டது ஃபைவ் கார்டன்ஸில். மாடுங்காவின் ஃபில்டர் காபி முடிந்து, பார்சி காலனியின் புதினா போட்ட சாயா தொடங்கும் எல்லை அது. காலையில் என்னோடு அங்கே நடக்கும் பார்சிப் பெரியவருக்கு உலகத்தில் தாங்க முடியாத துக்கம் ஒன்றுதான். குயீன் ராக் குழுவில் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி நின்ற இடத்தில் ஆடம் லாம்பெர்ட் நிற்கிறார். "அது நம்ம பையன் நின்ன இடம், டிக்ரா" என்பார்.

நம்ம பையன் என்பதில் பொய்யில்லை. ஃப்ரெடியின் சொந்தப் பெயர் ஃபரூக் பல்சாரா. 1946இல் ஜான்ஸிபாரில் பார்சிக் குடும்பத்தில் பிறந்து, எட்டு வயதில் பஞ்ச்கனியில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியின் விடுதிக்கு வந்தவர். 'ஹெக்டிக்ஸ்' என்ற பள்ளிக்கூடக் குழுவில் பியானோ வாசித்தார். லீவு விட்டால் பம்பாயில் உறவுக்காரர்கள் வீடு. "அப்படின்னா இந்த கார்டனுக்கு வராமலா இருந்திருப்பான்?" என்று கேட்டு, நாங்கள் உட்காரும் பெஞ்சைத் தடவிக் கொடுப்பார். ஆதாரம் கேட்டால் அவருக்கு முழங்கால் வலி வந்துவிடும்.

ஃப்ரெடி 1991 நவம்பரில் இறந்தார். கிட்டார் பிரையன் மேயும் டிரம்ஸ் ராஜர் டெய்லரும் கொஞ்ச காலம் கழித்துக் கடையைத் திரும்பத் திறந்தார்கள். முதலில் பால் ராட்ஜர்ஸ் வந்தார். அவர் ஏற்கெனவே பெரிய வித்வான். சேர்ந்து ஊர்சுற்றி, 2008இல் ஒரு புது ஆல்பமும் போட்டு, சண்டை சச்சரவு இல்லாமல் பிரிந்தார். 2009இல் 'அமெரிக்கன் ஐடல்' போட்டிக்கு ஒரு பையன் போனான். ஆடிஷனிலேயே 'போஹீமியன் ராப்ஸடி' பாடினான். இறுதிச்சுற்றில் பிரையனும் ராஜரும் மேடையேறி வாசித்தார்கள். கோப்பை கிரிஸ் ஆலனுக்குப் போயிற்று. வேலை, இரண்டாமிடம் வந்த ஆடம் லாம்பெர்ட்டுக்குக் கிடைத்தது. டி.வி. பாட்டுப் போட்டி பார்த்து வளர்ந்த தமிழர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஆனால் போர்டைப் பாருங்கள். 'குயீன் + ஆடம் லாம்பெர்ட்'. 2012இலிருந்து ஊர் ஊராகப் பாடியும் அந்த பிளஸ் குறியைத் தாண்டி அந்த மனிதர் உள்ளே வரவில்லை. வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி சாப்பாடு உண்டு, மரியாதை உண்டு, வாசல் பெயர்ப்பலகை மட்டும் மாமனார் பெயரில். எனக்கு அவரைப் பிடித்துப்போனதே இதனால்தான். மீசை ஒட்டிக்கொள்ளவில்லை, ஃப்ரெடி போல உடம்பை வளைக்கவில்லை. தன் சொந்த ஜிகினாவைத் தைத்துப் போட்டுக்கொண்டு, தன் சொந்தத் தொண்டையில் பாடுகிறார்.

ஏசி/டிசி குழுவில் நடந்தது வேறு. பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தார். ஜூலையில் பிரையன் ஜான்சன் பாடிய 'பேக் இன் பிளாக்' கடைக்கு வந்துவிட்டது. துக்கத்துக்கு அட்டை முழுக்கக் கறுப்பு. ரயில்வேயில் கருணை அடிப்படை வேலைக்குக்கூட இதைவிட நாளாகும். உலகத்தில் மிக அதிகம் விற்ற ஆல்பங்களில் அது ஒன்றானதும் ரசிகர்கள் முணுமுணுப்பதை விட்டுவிட்டார்கள். வசூல் வந்தால் வாரிசுச் சண்டை அடங்கிவிடும் போலிருக்கிறது.

எங்கள் பெரியப்பா சண்முகானந்தா சபா ரசிகர். அந்த ஹால் 1990இல் தீப்பிடித்து 1998 வரை மூடிக் கிடந்தபோது, செம்பூர் பக்கம் கச்சேரி தேடிப் போய் உயிரைத் தக்கவைத்துக்கொண்டவர். அவரிடம் லாம்பெர்ட் பாடும் வீடியோவைக் காட்டி நியாயம் கேட்டேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"சுருதி சுத்தமா இருக்கு. மேல் ஸ்தாயில பிசிறு இல்லே. உன் பார்சிக்கு என்னடா கஷ்டம்? பாட்டு முக்கியமா, ஆளு முக்கியமா?"

இவ்வளவு பெருந்தன்மை பேசியவர், மறுவாரமே பில்டிங் செக்ரெட்டரியிடம் புகார் கொடுத்தார். மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் விடியற்காலையில் யாரோ ஒரு புதுப் பெண்மணியின் சுப்ரபாதத்தைப் போடுகிறார்களாம். "எம்.எஸ். குரலுக்குத்தான் பெருமாள் எழுந்து பழக்கம். இதுக்கெல்லாம் எழுந்துக்கவே மாட்டார்!" எம்.எஸ். அதைப் பதிவு செய்தது 1963இல். அதற்கு முன்பு பெருமாள் எப்படித்தான் எழுந்தார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பெரியப்பாவாவது ஒரு செக்ரெட்டரியோடு நிறுத்திக்கொண்டார். கல்கத்தா வானொலி 1976இல் மஹாளய விடியலில் வழக்கமாக வரும் பீரேந்திர கிருஷ்ண பத்ராவின் சண்டி பாராயணத்தை எடுத்துவிட்டு, சூப்பர்ஸ்டார் உத்தம் குமாரின் குரலைப் போட்டது. அவசரநிலைக் காலம். பிரதமரைப் பற்றி வாய் திறக்கப் பயந்த ஊர், இதற்குக் கொதித்து எழுந்தது. அந்த வருஷப் பூஜைக்குள்ளேயே பத்ராவின் பழைய குரலைத் திரும்ப ஒலிபரப்ப வேண்டியதாயிற்று.

தாராவியில் சட்டம் நேர்மாறு. மாற்று ஆள் வரலாம், ஆனால் அசல் ஆளாகவே பாட வேண்டும். தொண்ணூறடி ரோடு பக்கம் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். அப்பா காலத்தில் நெல்லைச் சீமையிலிருந்து வந்த குடும்பம். பகலில் தோல் பை தைக்கிற தொழில், ராத்திரி ஆர்கெஸ்ட்ரா. கோயில் கொடையோ பொங்கல் விழாவோ, போஸ்டரில் அவர் பெயர் இருக்காது. 'தாராவி எஸ்.பி.பி.' என்றுதான் இருக்கும். எஸ்.பி.பி. சிரித்த இடத்தில் இவரும் சிரிக்க வேண்டும், அவர் மூச்சை இழுத்த இடத்தில் இவரும் இழுக்க வேண்டும். சொந்தமாக ஒரு சங்கதி போட்டால் முன்வரிசையிலிருந்து, "ஏலே, ஒழுங்கா பாடு!" என்று குரல் வரும். இத்தனைக்கும் அந்த எஸ்.பி.பி.யே 1969இல் 'அடிமைப்பெண்' படத்தில் பாடியபோது, டி.எம்.எஸ். குரலில் ஊறிய எம்.ஜி.ஆர். ரசிகர்களுக்கு முன்னால் நின்ற புதுப் பையன்தான். பதிவு நேரத்தில் காய்ச்சலில் படுத்துவிட்ட எஸ்.பி.பி. உடம்பு சரியாகி வரும்வரை எம்.ஜி.ஆர். காத்திருந்து பாடவைத்தார். இருபது வருஷம் கழித்து அதே எஸ்.பி.பி. 'மைனே பியார் கியா'வில் சல்மான் கானுக்கே குரலாகி, பம்பாய்த் தமிழர்களுக்கு காலரைத் தூக்கிவிட்டார்.

நண்பரிடம் நான் சொன்ன கதை அர்னெல் பினெடாவுடையது. மணிலாவில் ஹோட்டல், கிளப் என்று அடுத்தவர் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்த ஆர்கெஸ்ட்ரா பாடகர். 2007இல் 'ஜர்னி' என்ற அமெரிக்கக் குழுவின் கிட்டார்காரர் நீல் ஷான், யூடியூபில் இவரைப் பார்த்துவிட்டு மெயில் போட்டார். யாரோ கலாய்க்கிறார்கள் என்று பினெடா முதலில் நம்பவில்லை. விசா வாங்கப் போன இடத்தில் அதிகாரிக்கும் நம்பிக்கை வராமல், எங்கே, ஒரு ஜர்னி பாட்டைப் பாடு என்றாராம். பாடினார். விசா கிடைத்தது. ஸ்டீவ் பெர்ரி பாடிய இடத்தில் இன்று அவர் பாடுகிறார்.

இதைக் கேட்டதிலிருந்து நண்பர் நிலைகொள்ளவில்லை. காரணம், பொங்கலுக்கு ஆர்கெஸ்ட்ராவைக் கூப்பிட்டு அமெரிக்காவில் ஒரு தமிழ்ச் சங்கம் பேசிக்கொண்டிருக்கிறது. அமெரிக்கத் தூதரக அலுவலகம் இருக்கும் பி.கே.சி. அவருக்கு மித்தி ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும். தமிழ், இந்தி, எதைக் கேட்டாலும் பாடத் தயாராக இருக்கிறார். நேற்று விசா படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு போன் செய்தார்.

"அண்ணாச்சி, பேரு கேக்கான். இதுவரைக்கும் பாடுன அத்தனை போஸ்டரும் 'தாராவி எஸ்.பி.பி.'ன்னுதான் இருக்கு. பாஸ்போர்ட்டுல வேற பேரு. ரெண்டும் ஒரே ஆளுன்னு அவனுக்கு எப்படிப் புரிய வைக்க?"

"எஸ்.பி.பி. போட்டு, ஒரு பிளஸ் போட்டு, பக்கத்தில் உங்க பேரைப் போடுங்க" என்றேன்.

"அதையும் பார்த்துட்டேன். பிளஸ்ஸை எடுக்க மாட்டேங்கானே!"