சிறு ஜோடி மீமாம்சை

போக்கர் ஆட்டத்தில் கைக்கு வந்த இரண்டு சீட்டுகளும் நான்கு நான்காகவோ, மிஞ்சிப்போனால் ஆறு ஆறாகவோ அமைந்து, நடுவில் முதல் மூன்று சீட்டுகள் விரிக்கப்பட்ட பிறகு அந்த ஏழை ஜோடியை வைத்துக்கொண்டு மேற்கொண்டு என்ன செய்வது என்ற பிரச்னையை, ஆழ்வார்பேட்டை மாடி வராந்தாக்களில் புளியங்கொட்டை ஒன்றுக்கு ஐந்து ரூபாய் என்று மதிப்பிட்டு ஆடும் பெரியவர்கள் தீராத தத்துவ விசாரமாகவே நடத்திவருகிறார்கள். (மார்கழியில் மியூசிக் அகாடமிக்குக் கச்சேரி கேட்கப் போய்விடுவதால் அப்போது மட்டும் ஆராய்ச்சிக்கு விடுமுறை.)

கணித சாஸ்திரத்துக்கு இதில் சந்தேகமே இல்லை. மிச்சமுள்ள 50 சீட்டுகளிலிருந்து மூன்றை 19,600 விதமாக எடுக்கலாம். அவற்றுள் 17,296 விதங்களில் நம் ஜோடிக்கு மூன்றாவது துணை வருவதில்லை. வராதுபோன துணையை அடுத்த சீட்டில் எதிர்பார்ப்பவருக்கு, கண்ணில் படாத 47 சீட்டுகளில் உதவக்கூடியவை இரண்டே இரண்டு.

இதற்குப் பூர்வபக்ஷம் ஒரே வாக்கியம்: "அஞ்சு ரூபாதானே ஓய், பாத்துடலாம்." மேஜையில் ராஜாவும் ராணியும் கிடக்க, நால்வர் பந்தயத்தில் நிற்க, அவர்களில் ஒருவரிடமாவது ஒரு ராஜா இருக்கும் என்ற அனுமானப் பிரமாணம் இந்த வாக்கியத்தின் முன் செல்லுபடியாவதில்லை. பயமுறுத்தி விரட்டலாமென்றால், பார்த்துவிடுவது என்று வந்தவர்கள் பயப்படுவதும் இல்லை.

விசித்திரம் என்னவென்றால், போக்கரில் இப்படிச் சொல்லும் அதே மாமா ரம்மிக்கு உட்கார்ந்தால், லைஃபும் இல்லாமல் ஜோக்கரும் இல்லாமல் பதின்மூன்று சீட்டு வந்தமாத்திரத்தில், கண் இமைக்காமல் 'ஸ்கூட்' என்று 20 புள்ளியைக் கொடுத்துவிட்டு எழுந்துபோகிறார். நடுவில் எழுந்தால் 40, அகப்பட்டுக்கொண்டால் 80 என்பது அவருக்கு மனப்பாடம். அங்கே விவேகத்துக்கு விலை நோட்டுப் புத்தகத்தில் முன்கூட்டியே எழுதியிருக்கிறது. போக்கரிலோ விலகாதவனுடைய நஷ்டம் ஐந்து ஐந்தாகக் கரைவதால் யாரும் அதைக் கணக்கெழுதுவதில்லை என்பதே என் சித்தாந்தம்.

அபூர்வமாக மூன்றாவது நான்கு வந்துவிட்டால் மாமா மௌன விரதம் பூண்டு, மேஜையில் கிடக்கும் இரண்டு இஸ்பேடுகளோடு இன்னும் இரண்டு சேரும்வரை எல்லாரையும் இலவசமாக உள்ளே விடுகிறார். யார் கேட்டாலும் பணம் போடும் சபையில், அன்றைக்கல்லவா பந்தயத்தை உயர்த்த வேண்டும்!

ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று 1967இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2022ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாக அட்டவணையில் சேர்த்தது செல்லாது என்று 2023 நவம்பரில் சென்னை ஹைகோர்ட்டும் தீர்ப்பளித்தது. ஆழ்வார்பேட்டைச் சாட்சியம் அந்த நீதிமன்றங்களின் பார்வைக்கு வரவில்லை என்றே ஊகிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே நிர்ணயம் இது: மூன்றாவது வராத சிறு ஜோடியை, எவரேனும் பந்தயம் கட்டிய மாத்திரத்தில் 'பேக்' என்று கவிழ்த்துவிட்டு, டிகாக்ஷன் இறங்கிவிட்டதா என்று வாசகர் சமையலறைப் பக்கம் போய்ப் பார்த்துவரலாம்.