சைக்ளோன் மாட்டப் போற பேராண்டிக்கு

வாய்யா பேராண்டி! இந்தியானாவுக்குப் படிக்கப் போனவன் பரீட்சை முடிஞ்சதுன்னு போன் பண்ணலை, பொங்கலுக்கும் பண்ணலை. பெயிண்ட்பால் துப்பாக்கிக்கு உருண்டை ஊட்டுற பெட்டியை மாத்தணும், யோசனை சொல்லுங்க தாத்தான்னு மட்டும் பண்ணியிருக்க. ரொம்ப சந்தோஷம்லே. காலமெல்லாம் பம்புசெட்டைக் கழட்டி மாட்டின ஒருத்தன் ஊர்ல சும்மா கிடக்கான்னு உனக்காவது ஞாபகம் இருக்கே.

விஷயம் இதுதானே? உன் கையில இருக்கது டிப்மேன் 98. மேல ஒரு பிளாஸ்டிக் பெட்டி, 200 உருண்டை பிடிக்கும், தன் பாரத்துல தானா கீழே விழும். கூட விளையாடுற பயலுவ டிப்மேனோட ஏ-5 துப்பாக்கி வச்சிருக்கானுவ. அதுல சைக்ளோன்னு ஒரு பல்லுச்சக்கரம். ஒவ்வொரு சூட்டுக்கும் ஒவ்வொரு உருண்டையாப் பிடிச்சு உள்ள தள்ளுது. பேட்டரி கிடையாது, சுட்ட காத்துலயே கொஞ்சத்தைக் குடிச்சுச் சுத்துது. வினாடிக்கு 15 உருண்டைன்னு கம்பெனிக்காரன் சொல்லுதான். அந்தச் சக்கரத்தை உன் 98-ல மாட்டணும். ஆசை நல்ல ஆசைதான். அதுக்கு முன்னால இந்தக் கிழவனுக்கு ஒண்ணு சொல்லு: உன் விரல் வினாடிக்கு எத்தனை தடவை இழுக்கும்? செல்போன்ல தட்டுற கணக்கைச் சொல்லாத. ஓடும்போது, குனியும்போது, முகமூடிக் கண்ணாடியில ஆவி அடிச்சு எதிராளி மங்கலாத் தெரியும்போது இழுக்குற கணக்கைச் சொல்லு.

என்ஜினீயரிங் படிக்கியே, ஒரு கணக்குப் போடு பாப்போம். உருண்டை .68 அங்குலம், அதாவது 17 மில்லிமீட்டர். நின்ன நிலையிலிருந்து தன் உயரம் அளவுக்குக் கீழே இறங்க அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஏறக்குறைய 0.06 வினாடி. அப்படிப் பாத்தா காகிதத்துல வினாடிக்கு 16 உருண்டை விழணும்! பூமி ஒண்ணும் சோம்பேறி இல்லலே. சைக்ளோன்காரன் காசு வாங்கிட்டுச் செய்யுததை அது சும்மாவே செய்யத் தயாரா இருக்கு.

பிறகு ஏன் உன் துப்பாக்கி பாதியில வெறுங்காத்தைத் துப்புது? மாவு மில்லுல பாத்திருப்பியே, தானியம் கொட்டுற தொட்டி நிறைய இருக்கும், வாய்ல ஒண்ணும் இறங்காது. மில்லுக்காரன் கட்டையால பக்கத்துல ரெண்டு தட்டு தட்டுவான், உடனே சடசடன்னு இறங்கும். அதேதான். நாலஞ்சு உருண்டை கழுத்துல ஒண்ணுக்கொண்ணு தோள் கொடுத்து வளைவு கட்டி நின்னுக்கிடும். அதுக்காகத்தான் உங்க ஆட்கள் துப்பாக்கியைச் சாமியாடி மாதிரி உலுக்கிக்கிட்டே ஓடுதானுவ. வ்யூலோடர் ரெவல்யூஷன்னு ஒரு பெட்டி வந்தது. கழுத்துல உருண்டை இல்லைன்னு ஒரு கண்ணு பாக்கும், உடனே மோட்டார் ஒரு துடுப்பைச் சுத்திக் கிளறிவிடும். உன் நோய்க்கு அந்தக் கிளறலே போதுமான்னு பாத்தியா? பாத்திருக்க மாட்ட. அதுல பெருமை கம்மி.

சரி, உருண்டை உடையுதுன்னும் சொன்னியே. பாதி இறங்கின உருண்டை மேல, அதைப் பேரலுக்குள்ள தள்ளுத போல்ட் வந்து மோதினா உடையத்தான் செய்யும். ஆனா எல்லா உடைசலுக்கும் பெட்டி மேல பழி போடாத. அந்த உருண்டையோட தோல் ஜெலட்டின், மாத்திரைக் கூடு செய்யுத அதே சரக்கு. ஈரக்காத்து பட்டா உப்பும், ரொம்ப நாள் ஒரே பக்கமாக் கிடந்தா குழி விழும். நீ எங்க வாங்கினே? தள்ளுபடியில. எங்க வச்சிருந்தே? கார் டிக்கியில. பேரலைத் தனியாக் கழட்டி, ஒரு உருண்டையை உள்ள விட்டுப் பாரு. தானா உருண்டு வெளியே வந்தா உருண்டை சின்னது. வாயால ஊதினா நகரணும். ஊதியும் நகரலைன்னா உப்பிப் போச்சு. இந்தச் சோதனைக்குச் செலவு ஒரு மூச்சு. சைக்ளோனுக்குச் செலவு எவ்வளவுன்னு உங்கப்பன்கிட்ட நான் சொல்ல மாட்டேன், நீயே சொல்லிக்கோ.

இன்னொரு கதையும் கேளு. இந்த விளையாட்டு முதல்முதலா நடந்தது 1981 ஜூன் 27, நியூ ஹாம்ப்ஷயர்ல ஹென்னிக்கர்னு ஒரு ஊர்க் காட்டுல. 12 பேர். கையில நெல்ஸ்பாட் 007. காட்டுல வெட்ட வேண்டிய மரத்துக்கும் மந்தையில மாட்டுக்கும் பெயிண்ட் அடையாளம் போடச் செஞ்ச கைத்துப்பாக்கி. ஒரு குழாய்ல கொஞ்சம் உருண்டைதான். ஒவ்வொரு சூட்டுக்கும் துப்பாக்கியைச் சாய்ச்சு அடுத்த உருண்டையை உருட்டி விடணும், கையால இழுத்துத் தள்ளணும். அந்தப் பந்தயத்துல ஜெயிச்சது ரிச்சி வைட், காட்டு வேலை தெரிஞ்ச மனுஷன். எத்தனை உருண்டை சுட்டான் தெரியுமா? ஒண்ணுகூட இல்ல. சத்தம் இல்லாமப் போய்க் கொடிகளை எடுத்துட்டு வந்துட்டான். உனக்கு வினாடிக்கு 15 வேணும், என்ன?

கோவிச்சுக்காதே. மாட்டத்தான் போறேன்னா முறையா மாட்டு. டிப்மேன்காரனுக்கே இது ஒரு நாள்ல வந்திடலை. உன் மாநிலத்துலதான் இருக்கு ஃபோர்ட் வேய்ன். அங்க அவங்க முதல்ல பாதி அளவு பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கி செஞ்சவங்க. 1986-ல சட்டம் மாறி அந்த வியாபாரம் படுத்ததும் பெயிண்ட்பாலுக்கு வந்தாங்க. 1987-ல செஞ்ச எஸ்எம்ஜி-60-க்கு .62 உருண்டை, அதையும் க்ளிப்புல அடுக்கித்தான் ஊட்டணும். பிறகுதான் .68, பெட்டி, சக்கரம் எல்லாம். ஊட்டுற வழியை மாத்தினா துப்பாக்கியோட உடம்பும் அதுக்கு ஒத்து வரணும். நீ சக்கரத்தை மட்டும் மாத்துதேன்னு சொல்லுத. மாட்டிக்கிட்டு முழிக்குத இடம் அதுதான்.

உன் 98 உடம்பு ரெண்டு பாதியா வார்த்து போல்ட் போட்டு மூடினது. அதுல உருண்டை வர வேண்டிய வாய் மேல இருக்கு. சைக்ளோன் பக்கவாட்டுல ஒட்டி நின்னு தள்ளும். ரெண்டு வாயும் நேருக்கு நேர் சேரணும். நடுவுல நகத்தளவு மேடு நின்னாக்கூட ஜெலட்டின் தோல் அதுல உரசிக் கிழியும். உன் மாடலுக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச அடாப்டர் கிடைச்சா வாங்கு. கிடைக்கலைன்னா அரத்தை எடுத்துக்கிட்டு உக்காந்துடாத. உடம்பை ராவிட்டா திருப்பி ஒட்ட முடியாது. உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணாதான்.

அடுத்தது காத்து. சக்கரம் ஒரு பல் நகர ஒரு சின்ன பிஸ்டன் தள்ளணும், அதுக்குச் சூட்டுக் காத்துலிருந்து ஒரு பங்கு குழாய் வழியாப் போகணும். ஏற்கெனவே, இழுத்த விசையைத் தானாத் திருப்பித் தள்ளுத ரெஸ்பான்ஸ் ட்ரிகர் மாட்டியிருக்கன்னு வை, அதுவும் அதே காத்துலதான் பங்கு கேக்கும். ரெண்டுக்கும் பத்தலைன்னா சக்கரம் பாதிப் பல்லுல நிக்கும், பாதி உருண்டை உள்ள வரும், போல்ட் வந்து நறுக்கும். எதுக்கு மாத்தினியோ அதே இடத்துல வந்து நிப்ப. அதுலயும் நீ கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வச்சிருக்க. 20 டிகிரி வெயில்ல அதுக்குள்ள அழுத்தம் 830 பிஎஸ்ஐ இருக்கும். 0 டிகிரிக்கு இறங்கினா 500 பக்கம் வந்துடும். இந்தியானா குளிர்ல சக்கரத்துக்கும் கை விறைக்கும்லே. அழுத்தக் காத்து சிலிண்டரும் ரெகுலேட்டரும் வச்சவனுக்கு இந்தத் தொல்லை குறைவு.

மூணாவது, யாரும் யோசிக்காதது. உள்ள வந்த உருண்டை பேரல் வழியா உருண்டு போயிடாமப் பிடிச்சு நிறுத்த ஒரு சின்ன ரப்பர் முனை இருக்கும், டீட்டெண்ட்னு சொல்லுவாங்க. தானா விழுற உருண்டைக்கு அது போதும். சக்கரம் பின்னாலேருந்து அமுக்கித் தள்ளும்போது, தேஞ்ச டீட்டெண்ட் வழி விட்டுடும். ஒண்ணுக்கு ரெண்டா உள்ள போய் ரெண்டும் சேர்ந்து நாசமாகும். சக்கரம் வாங்குத அன்னைக்கே புது டீட்டெண்டும் வாங்கிடு. எல்லாச் சாமானையும் விட அதுதான் மலிவு, அதனாலதான் யாருக்கும் அது மேல மரியாதை இல்ல.

மேகசின் மாட்டலாமான்னும் இழுத்தியே. 20 உருண்டை மேகசின் இருக்கு, துடுப்பு வச்ச ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் உருண்டையும் அதுல போகும். அது மூக்கு முன்னால பாத்து நிக்கணும், பெட்டியில கொட்ட முடியாது. தலைக்கு மேல பெட்டி நிக்காது, அது ஒரு லாபம். மரத்துக்குப் பின்னால நீ ஒளிஞ்சாலும் பெட்டி ஒளியாது, அதுல பட்டாலும் பெரும்பாலான மைதானத்துல நீ அவுட்டு. ஆனா ஒரு நிமிஷத்துல 200 சுடுறவன் 20-ல எப்படிப் பிழைப்பான்? உன் குணத்துக்கு அது சரிப்படாது, விடு.

இனிமே சொல்லுதது கேலி இல்ல. கழட்டுறதுக்கு முன்னால சிலிண்டரை எடு. எடுத்த பிறகும் உள்ள காத்து நிக்கும். முகமூடியை மாட்டிக்கிட்டு, ஆள் இல்லாத பக்கம் ரெண்டு மூணு தடவை இழுத்து வெத்தாக்கு. அதுக்குப் பிறகுதான் ஸ்க்ரூட்ரைவர். சிலிண்டரைத் திருகும்போது வால்வு துப்பாக்கியிலிருந்து கழலுதா, சிலிண்டரோட கழுத்துலயே கழலுதான்னு பாரு. கழுத்துல கழண்டா சிலிண்டர் ராக்கெட்டாப் பறக்கும், அதுல உயிர் போயிருக்கு. வால்வுக்கும் சிலிண்டருக்கும் குறுக்கே நகப்பாலிஷ்ல ஒரு கோடு போட்டு வை. கோடு விலகினா தொடாத, கடைக்காரன்கிட்ட கொண்டு போ. நகப்பாலிஷுக்கு யாரைக் கேக்கணும்னு நான் சொல்ல வேண்டாம், நீயே ஒருத்திகிட்ட வாங்கி வச்சிருப்ப.

எல்லாம் மாட்டி முடிச்ச பிறகு முதல் வேலையா மைதானத்து க்ரோனோகிராஃப்ல வேகத்தைக் காட்டு. காத்துப் பாதையில கை வச்சவன் பழைய வேகமே நிக்கும்னு நம்பக்கூடாது. வினாடிக்கு 300 அடியைத் தாண்டிச்சுன்னா, எந்தச் சக்கரத்தை மாட்டியிருந்தாலும் மைதானத்துக்காரன் உன்னை உள்ள விட மாட்டான்.