பொட்டி வாங்கப் போற மருமவனுக்கு

ஏல மருமவனே, பாட்டுப் பிடிக்க ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கப் போறியாமே? உங்க அம்மை சொன்னா. ராத்திரி பூரா யூடியூப்ல அந்தப் பொட்டிகளையே பாத்துக்கிட்டுக் கெடக்கியாம். பாட்டு ஒண்ணாவது பாடுனானான்னு கேட்டேன். இன்னும் இல்லியாம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். அவளாவது ஒருக்கா ஆடிப் பாத்துட்டுச் சொன்னா. நீ ஆடுததுக்கு முந்தியே கூடத்தை இடிச்சுக் கட்டப் பாக்கே.

நான் மைக் செட் போட்டுத் திரிஞ்சவன். தென்னமரத்துல குழாயைக் கட்டி, கொடைக்கும் கல்யாணத்துக்கும் ஊரையே முழிக்க வச்சவன். இந்தக் கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்கியோ? நெனைச்சுக்க. ஆனா அந்தப் பொட்டி என்னதான் செய்யுதுன்னு சொல்லு பாப்போம். மைக்குல வருத துளியூண்டு கரண்டைப் பெருசாக்கும். அதை நம்பராக்கி யூ.எஸ்.பி. வழியா கம்ப்யூட்டருக்கு அனுப்பும். திரும்பி வருத நம்பரைச் சத்தமாக்கி ஹெட்ஃபோனுக்குக் குடுக்கும். அம்புட்டுதாம்ல. இன்னைக்கு விக்குத மலிவுப் பொட்டியே இதை ஒழுங்காச் செய்யுது.

ஒனக்கு 192 கிலோஹெர்ட்ஸ் வேணுமாமே. யாருக்குல பாடப் போறே, வவ்வாலுக்கா? மனுசக் காதுக்கு எட்டுதது 20 வரைக்குந்தான். அதுவும் பச்சப்புள்ளைக்கு. என் வயசுக்கு அதுல பாதி கேட்டாலே பெரிசு. கேக்குத உச்சத்தைப்போல ரெண்டு மடங்குக்கு மேல எடுத்தாப் போதும்னு கணக்கு. அதான் சி.டி.க்கு 44.1 வச்சான். வீடியோவுக்குன்னா 48. நீ 192-ல பிடிச்சா ஃபைலு நாலு மடங்கு வீங்கும், பாட்டு அதேதான். 24 பிட் மட்டும் வச்சுக்க. அதுல பிரயோசனம் உண்டு, பொறவு சொல்லுதேன்.

ஓட்டை எத்தன வேணும்னு ரோசிச்சியா? ஒத்தையில பாட ஒண்ணு. கிட்டாரும் சேந்தா ரெண்டு. 2011-ல வந்த ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2-ங்குத பொட்டிக்குப் பேரே அந்தக் கணக்குதான். உள்ள வர ரெண்டு, வெளிய போவ ரெண்டு. தவிலுக்கு ரெண்டு பக்கமும் மைக் வச்சு நாதசுரத்துக்கும் ஒண்ணு வைக்குதவன் நாலு ஓட்டை கேட்டா அது நியாயம். ஒனக்கு எட்டு எதுக்குல? எட்டுப் பேரு வந்து உக்காந்தா டீ போடுதது யாரு, உங்க அம்மையா?

கண்டென்சர் மைக்குன்னா 48 வோல்ட் பொத்தானை அமுக்கணும். அமுக்காம, மைக் ஊமைன்னு கடைக்காரன்கிட்ட சண்டைக்குப் போவாத. டைனமிக் மைக்குக்கு அது வேண்டாம்.

கெயின் திருகுக்கு வருவோம். பொட்டியோட வெல தெரிஞ்சவன் ஊர்பூரா இருக்கான், இதைத் திருகத் தெரிஞ்சவன்தான் இல்ல. மெல்ல “ஹலோ, மைக் டெஸ்ட்டிங்”னு முனங்கிட்டுத் திருகி வைக்காத. எங்க மேடையில பேச வருத தலைவருமாரு பூரா இதைத்தான் செய்வாவ. பேச்சு சூடேறவும் குழாய் கிழியும், அடி எனக்கு விழும். பாட்டுல எந்த எடத்துல உச்சத்துல அலறுவியோ, அதை மொதல்ல அலறு. அப்போ மீட்டரு மைனஸ் 12 கிட்ட நிக்கட்டும். செவப்பு வெளக்கு எரியவே கூடாது. நம்பர்ல உச்சி வெட்டுப்பட்டா வெட்டுப்பட்டதுதான், பொறவு எவனாலயும் ஒட்ட வைக்க முடியாது. சத்தம் கொறைஞ்சுபோச்சேன்னு பயப்படாத. 24 பிட்டுல பிடிச்சதைப் பொறவு தூக்கிக்கிடலாம், இரைச்சல் பெருசா ஏறாது. அதுக்குத்தான் அதை வச்சுக்கச் சொன்னேன்.

ஒங் கொரலு ஹெட்ஃபோன்ல தாமசமா வருதா? பொட்டியில டைரக்ட் மானிட்டர்னு ஒரு பொத்தான் இருக்கும், அமுக்கு. கொரலு கம்ப்யூட்டருக்குப் போயிட்டு வராம நேரா காதுக்கு வரும். விண்டோஸா இருந்தா கம்பெனி குடுக்குத ஏசியோ டிரைவரைப் போடு, பஃபரை 128-க்கு எறக்கு. அதுக்குமேல மில்லி செகண்டை எண்ணிக்கிட்டுக் கெடக்காத. பத்து மில்லி செகண்டுங்குதது சத்தம் காத்துல பதினோரு அடி போவுத நேரம். கோயில்ல தவில்காரரு அம்புட்டு தள்ளி நின்னு தாளம் தப்பாம அடிக்கத்தானே செய்யுதாரு?

உர்ருனு ஒரு சத்தம் அடியில ஓடுதா? பொட்டியை ஏசாத. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாரு. பாதி எடத்துல அதோட நின்னுரும். மிச்சம் வீட்டு எர்த்து. நாங்க எர்த்துக் குழிக்கு ஒரு கொடம் தண்ணி ஊத்துவோம், கம்முனு ஆயிரும்.

செவுத்துல முட்டை அட்டை ஒட்டப் போறியாமே? அதுல லாபம் கோழிப் பண்ணைக்காரனுக்கு. உச்ச சத்தத்துல ஏதோ துளி கொறையும், மத்தபடி ரூம்பு முழங்குததை அது ஒண்ணும் செய்யாது. வீட்டுல கம்பளியும் ஜமுக்காளமும் கெடக்குல்லா? அதை ஒன் முதுகுக்குப் பின்னால தொங்கவிடு. மைக்கு மொகம் பாக்குதது அந்தப் பக்கந்தானே, எதிரொலி அங்கனயிருந்துதான் வந்து உள்ள ஏறும். ஃபேனை நிறுத்து. வேர்க்கும், பாடு.

ஃபோன்ல பிடிக்கணும்னா, பொட்டியில ‘கிளாஸ் கம்ப்ளையன்ட்’னு போட்டிருக்கான்னு பாத்து வாங்கு, தனி டிரைவர் கேக்காது. ஐஃபோன் 15-லேந்து டைப்-சி ஓட்டைதான், நேரா குத்தலாம். அதுக்கு முந்துனதுன்னா கேமரா அடாப்டர் வேணும், சார்ஜரும் குத்துத மாதிரி பாத்து வாங்கு. 48 வோல்ட் போட்டதும் பொட்டி அணைஞ்சுபோவுதா? ஃபோன் குடுக்குத கரண்டு பத்தலன்னு அர்த்தம். தனியா கரண்டு எடுக்குத ஹப்பு வழியாக் குத்து. ஏரோப்ளேன் மோடுல போட மறந்துராத. நீ உச்ச சுதியில நிக்கும்போதுதான் “சாப்ட்டியால?”ன்னு உங்க அத்தை கூப்புடுவா.