எட்டு வழியும் ஒரு கிணறும்

கேள்வி: சென்னை–சேலம் எட்டு வழிச் சாலை வந்திருந்தால் பயண நேரம் பாதியாகியிருக்குமே! ஊர் வளர நாலு பேர் நிலம் கொடுத்தால் என்ன?

பதில்: கொடுக்கலாம், அந்த நாலு பேரில் நீங்களும் ஒருவராக இருந்தால் இதே கேள்வியைக் கேட்பீர்களா? 2018-இல் சொன்ன கணக்கு 277 கிலோமீட்டர், சுமார் 10,000 கோடி ரூபாய். வேகத்தை நான் இகழவில்லை. ஆம்புலன்ஸுக்கும் காய்கறி லாரிக்கும் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்தான். ஆனால் உளுந்தூர்பேட்டை வழியாக ஒன்றும், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாக ஒன்றும் சாலைகள் ஏற்கெனவே உண்டே? அவற்றை அகலப்படுத்தினால் எவ்வளவு நேரம் குறையும் என்பதுதான் முதல் கேள்வி.

நேரம் மிச்சமாவது காரில் போகிறவருக்கு. கிணறு போவது விவசாயிக்கு. இழப்பீட்டுப் பணத்தில் வேறு நிலம் வாங்கலாம், அதே ஊற்றை வாங்க முடியுமா? பட்டாவே இல்லாத கூலியாட்களுக்கு என்ன கிடைக்கும்?

2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நில எடுப்பு அறிவிப்பு செல்லும் என்றது. ஆனால் வருவாய்ப் பதிவேட்டில் அவசரமாக நீக்கிய நில உரிமையாளர்களின் பெயர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நிலம் சட்டப்படி கைக்கு வருமுன் பதிவை மாற்றுவது, தாலி கட்டிவிட்டுப் பெண் பார்க்கப் போவது போல.

இனி எந்தச் சாலைக்கு வரைபடம் போட்டாலும், மாடும் பள்ளிப் பிள்ளைகளும் கடக்கும் சுரங்கப்பாதைகளை அதிலேயே குறிக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தம் விட்ட பிறகு கேட்டால் நிதி இருக்காது.