தலைக்கு 5,000 பவுண்டு

இங்கிலாந்தில் பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஒரு விலை உண்டு. ஆண்டுக்கு 5,000 பவுண்டும் கொஞ்சம் சில்லறையும். ஜிசிஎஸ்இ தேர்வு முடித்த பிள்ளை அதே பள்ளியின் மேல்நிலை வகுப்பான சிக்ஸ்த் ஃபார்மில் ஏ-லெவலுக்கு உட்கார்ந்தால் அரசு அந்தப் பணத்தைப் பள்ளிக்குக் கொடுக்கும். பிள்ளை பஸ் ஏறித் தொழிற்கல்லூரிக்குப் போய்விட்டால் பணமும் கூடவே பஸ் ஏறிவிடும். இருநூறு பிள்ளைகள் தங்கினால் பத்து லட்சம் பவுண்டு. இந்தக் கணக்குத் தெரிந்தவருக்கு, ‘தொழில் வழிகாட்டல்’ என்ற பெயரில் இங்கே பள்ளிகளில் நடக்கும் கூத்துக்குக் கோனார் உரை தேவைப்படாது.

பக்கத்துக் கடைக்காரனை உள்ளே கூப்பிட்டு, ‘என் வாடிக்கைக்காரரிடம் உன் சரக்கைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டுப் போ’ என்று எந்த முதலாளியாவது சொல்வாரா? இந்த நாட்டு நாடாளுமன்றம் சொல்லச் சொன்னது. 2017இல் ஒரு சட்டம் வந்தது. 2018 ஜனவரி 2 முதல் நடைமுறை. 8ஆம் ஆண்டு முதல் 13ஆம் ஆண்டுவரை படிக்கிற பிள்ளைகளிடம் தொழிற்கல்லூரிகளும் அப்ரண்டிஸ் பயிற்சி தருவோரும் நேரில் வந்து பேசப் பள்ளி இடம்கொடுக்க வேண்டும். எப்படி இடம்கொடுக்கிறது என்று ஒரு கொள்கை அறிக்கையும் வெளியிட வேண்டும். இதற்குப் ‘பேக்கர் பிரிவு’ என்று பெயர்.

யார் இந்தப் பேக்கர்? கென்னத் பேக்கர் பிரபு, மார்கரெட் தாட்சரின் கல்வி அமைச்சராக இருந்தவர். 1988இல் கல்விச் சீர்திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர். பிள்ளை போகிற இடத்துக்குப் பணம் போகட்டும், பள்ளிகள் பிள்ளைகளுக்காக ஒன்றோடொன்று மோதட்டும் என்று சந்தையைத் திறந்துவைத்த புண்ணியவான். பிற்காலத்தில் அவருக்கு ஞானம் பிறந்தது. 14 வயதில் பிள்ளைகளைச் சேர்த்துத் தொழில்நுட்பம் கற்பிக்கும் கல்லூரிகளைத் தொடங்க முன்னின்றார். சுற்றுவட்டாரப் பள்ளிகள் அந்தக் கல்லூரி ஆட்களை வாசற்படி ஏறவிடவில்லை. ஏன் விட வேண்டும்? 1988இல் அவர் நடத்திய பாடத்தை அவை மனப்பாடமாகப் படித்து முதல் வகுப்பில் தேறியிருந்தன. 29 ஆண்டு கழித்து அதே மனிதர் பிரபுக்கள் சபையில் எழுந்து நின்று, ‘ஐயா, கதவைக் கொஞ்சம் திறக்கச் சொல்லுங்கள்’ என்று சட்டம் கேட்க வேண்டியதாயிற்று.

பள்ளிகளும் சட்டத்துக்குப் பணிந்தன. அதாவது, இணையதளத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒரு பிடிஎஃப் ஏறியது. கல்வித்துறையே கருணை கூர்ந்து ஒரு மாதிரி அறிக்கை தயாரித்துக் கொடுத்திருந்தது. பள்ளியின் பெயரை நிரப்பினால் போதும். நாலைந்து பள்ளிகளின் அறிக்கைகளை அடுத்தடுத்துத் திறந்து படித்தால் எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று தெரியும். வருகிற நிறுவனத்தாருக்கு மண்டபமோ வகுப்பறையோ தரப்படும். அவர்கள் தங்கள் கையேடுகளை நூலகர் பொறுப்பிலுள்ள தொழில் தகவல் மையத்தில் விட்டுச் செல்லலாம். பிள்ளைகள் இடைவேளையிலும் மதிய உணவு நேரத்திலும் போய்ப் பார்க்கலாம். என்ன அழகான ஏற்பாடு! பதின்மூன்று வயதுப் பையன் கால்பந்தை எறிந்துவிட்டு, சாண்ட்விச்சைப் பாதியில் வைத்துவிட்டு, டி-லெவல் என்ற தொழிற்படிப்பின் கையேடு படிக்க நூலகத்துக்கு ஓடுகிற காட்சியைக் கற்பனை செய்து எழுதிய அந்த அதிகாரிக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று அறிய ஆவல்.

அதிருக்க, எந்த நூலகர்? இங்கிலாந்தின் சிறைவிதிகளில், சிறைச்சாலை ஒவ்வொன்றிலும் நூலகம் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. பள்ளியில் நூலகம் இருந்தாக வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. அப்ரண்டிஸ் கையேடு நிச்சயமாகக் கண்ணில்பட வேண்டும் என்று ஆசைப்படுகிற பிள்ளை எந்த வழியில் முயல வேண்டும் என்பதை வாசகர் ஊகத்துக்கே விடுகிறேன்.

வடமேற்கு லண்டனில் ஒரு பள்ளியின் வழிகாட்டல் மாலைக்குப் போயிருந்தேன். மண்டபத்துக்குள் பல்கலைக்கழகங்கள். ஆளுயரப் பதாகைகள், இலவசப் பேனாக்கள், பெயர் அச்சிட்ட துணிப்பைகள். உள்ளூர்க் கல்லூரியின் மேசையைத் தேடினேன். உடற்பயிற்சி உடைமாற்றும் அறைக்கு வெளியே, நடைவழியில், தீயணைப்புக் குடுவைக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். குழாய் வேலை கற்பிக்கிற ஒருவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். மேசைமேல் ஒரு முழ நீளத்துக்கு 15 மில்லிமீட்டர் செப்புக் குழாய், முழங்கை போல வளைந்த இணைப்பு ஒன்று அதில் பற்றவைக்கப்பட்டிருந்தது. ஒரு பையன் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பற்றுவைத்த இடத்தில் விரலை ஓட்டினான். ‘ஈயம் எப்படி இந்தச் சின்ன இடுக்குக்குள் தானாகப் போகிறது?’ என்று கேட்டான். அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே! குழாயைச் சூடாக்கினால் உருகிய ஈயத்தை இடுக்கு எப்படி உறிஞ்சிக்கொள்ளும் என்று அவர் தொடங்கினார். அது சுத்தமான இயற்பியல். மண்டபத்துக்குள் யாரும் அன்று அவ்வளவு இயற்பியல் பேசியிருக்க மாட்டார்கள். அதற்குள் ஒரு ஆசிரியை வந்து, ஏ-லெவல் விளக்கவுரை தொடங்கிவிட்டது என்று பையனை உள்ளே அழைத்துப் போய்விட்டார். போகிறபோது கல்லூரிக்காரரையும் மேசையையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார். ஆதாரம் வேண்டுமல்லவா! இத்தனைக்கும் இந்த மாதிரி மாலைநேர நிகழ்ச்சி சட்டத்தின் கணக்கில் சேராது. பள்ளி வேளைக்குள் நடக்க வேண்டும் என்பது விதி.

பல்கலைக்கழகத்தை உள்ளே விடுங்கள் என்று கெஞ்சி எந்தப் பிரபுவும் சட்டம் கொண்டுவரவில்லை என்பதையும் கவனியுங்கள்.

கதவு அடியோடு திறக்காது என்று சொன்னால் பொய். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை ஜிசிஎஸ்இ முடிவு வரும். அன்று கதவு வெளிப்பக்கமாகப் படாரென்று திறக்கும். மதிப்பெண் குறைந்த பிள்ளையிடம், ஐந்து ஆண்டாக யாரும் உச்சரிக்காத கல்லூரியின் பெயரை அன்று மிகுந்த பரிவோடு சொல்வார்கள். ‘உனக்கு அதுதான் பொருத்தம்.’ நேற்றுவரை அந்தக் கல்லூரி இந்த நிலப்பரப்பில் இருந்ததா? 2017இல் லண்டனின் புகழ்பெற்ற பள்ளி ஒன்று இன்னும் ஒரு படி மேலே போனது. 12ஆம் ஆண்டு முடித்த பிள்ளைகளில், எதிர்பார்த்த கிரேடு எடுக்காதவர்களை 13ஆம் ஆண்டுக்கு வர வேண்டாம் என்றது. பள்ளியின் ஏ-லெவல் சராசரி கெட்டுவிடுமே! பெற்றோர் நீதிமன்றம் போன பிறகுதான் பின்வாங்கியது. ஆக, பணம் கொண்டுவருகிற தலை உள்ளே. பெயரைக் கெடுக்கிற தலை வெளியே. இதற்கிடையில் அந்தத் தலைக்குள் என்ன ஆசை இருக்கிறது என்று கேட்க ஒரு ஆள் இருந்தார். அவரையும் துரத்திவிட்டார்கள்.

கனெக்‌ஷன்ஸ் என்று ஒரு சேவை இருந்தது. குறையுள்ளதுதான், ஆனாலும் பள்ளியின் சம்பளப் பட்டியலில் இல்லாத ஆலோசகர் ஒருவர் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவார். 2012 செப்டம்பரில் அந்தப் பொறுப்பைப் பள்ளிகள் தலையில் கட்டினார்கள். பணத்தைத் தலையில் கட்ட மறந்துவிட்டார்கள். மறந்தது யாரோ கவனக்குறைவான குமாஸ்தா என்று நினைக்காதீர்கள். சட்டம் போட்டு மறந்தார்கள். பிள்ளை தங்கினால் யாருக்கு லாபமோ அவரிடமே ‘பிள்ளை எங்கே போகலாம்’ என்ற கேள்வியையும் ஒப்படைத்தார்கள். பிறகு, ‘என்ன இது, பக்கச்சார்பாக ஆலோசனை சொல்கிறார்களே’ என்று கன்னத்தில் கைவைத்து வியந்தார்கள்.

பேக்கர் பிரிவை மீறினால் என்ன தண்டனை? 2018இல் அமைச்சர் ஆன் மில்டன், பெரிய பள்ளி அறக்கட்டளைகளுக்குக் கடிதம் எழுதினார். கடிதம்! 2019இல் ஐபிபிஆர் என்ற ஆய்வு நிறுவனம் எண்ணிப் பார்த்தபோது ஐந்தில் இரண்டு பள்ளிகள்தான் சட்டப்படி நடந்திருந்தன. வரி கட்டுவதில் ஐந்தில் மூன்று பேர் இப்படி நடந்துகொண்டால் கடிதமா வரும்? சட்டத்தை இறுக்கினார்கள். 2023 ஜனவரி முதல் ஆறு சந்திப்பு கட்டாயம்: 8, 9ஆம் ஆண்டுகளில் இரண்டு, 10, 11இல் இரண்டு, சிக்ஸ்த் ஃபார்மில் இரண்டு. முதல் நாலுக்கும் எல்லாப் பிள்ளைகளும் வந்தாக வேண்டும். கடைசி இரண்டுக்கும் விரும்பினால் வரலாம். ஒரு பென்னி அபராதம் அப்போதும் இல்லை.

கட்டணம் வாங்குகிற தனியார் பள்ளிகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது. அங்கே படிக்கிறவர்களுக்குச் செப்புக் குழாயைப் பற்றி யாரும் சொல்ல வேண்டியதில்லை என்பது நாடாளுமன்றத்தின் தீர்ந்த முடிவு. கட்சி வேறுபாடில்லாமல் ஒவ்வொரு அமைச்சரும், கைத்தொழிலுக்கும் பட்டத்துக்கும் சம மதிப்பு என்று மேடையில் குரல் தழுதழுக்கப் பேசுவார். பாதுகாப்புத் தலைக்கவசம் போட்டுக்கொண்டு படமும் எடுத்துக்கொள்வார். அந்தக் கவசத்தைத் தன் பிள்ளை தலையில் வைத்துப் பார்த்தவர் எத்தனை பேர்? கைத்தொழில் உன்னதமானது, ஊரார் பிள்ளைகளுக்கு.

இங்குள்ள நம்முடைய தமிழ்ச் சனத்தை மட்டும் விட்டுவைக்க முடியுமா? பள்ளி ஒரு பூட்டுப் போட்டால் நாம் வீட்டில் இரண்டு போடுகிறோம். தொண்ணூறுகளில் வந்து இரவெல்லாம் பெட்ரோல் நிலையத்தில் நின்று உழைத்த அண்ணர் ஒருவர் என்னிடம் அடிக்குரலில் சொன்னார்: “தம்பி, உங்களுக்குத் தெரியுமே, உவன் பெடியன் எலக்ட்ரீசியனுக்குப் படிக்கப் போறானாம். நான் இனிக் கோயிலுக்கு என்னெண்டு போறது?” பையன் சம்பளம் வாங்கிக்கொண்டு படிக்கப் போகிறான். அண்ணருடைய மூத்த மகள் விருப்பமில்லாத பாடத்துக்கு ஆண்டுக்கு 9,000 பவுண்டுக்கு மேல் கடன் வாங்கிப் பட்டம் எடுத்து, அதற்குச் சம்பந்தமில்லாத வேலை பார்க்கிறாள். கோயிலில் அவளைப் பற்றி யாரும் கேட்டதில்லை. பட்டமளிப்புப் படம் வரவேற்பறையில் இருக்கிறதே, போதும்.

அண்ணருக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன். உங்கள் பிள்ளை 9ஆம் ஆண்டிலோ 11ஆம் ஆண்டிலோ இருந்தால் பிப்ரவரி 28க்குள் சட்டப்படி இரண்டு சந்திப்பு நடந்திருக்க வேண்டும். பள்ளிக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்: எந்தத் தேதி, எந்தப் பாடவேளை, எந்த நிறுவனம், எத்தனை நிமிடம்? ‘எல்லாம் நடந்தது’ என்று பதில் வந்தால் பிள்ளையைக் கேளுங்கள். ‘யாரோ வந்தினம், என்னவோ சொல்லிச்சினம்’ என்று பிள்ளை சொன்னால் அடுத்த மின்னஞ்சல் உங்கள் தொகுதி எம்.பி.க்கு, பிரதி தலைமை ஆசிரியருக்கு. தமிழில் திட்டுவதையெல்லாம் வீட்டுக்குள் திட்டி முடித்துவிட்டு, ஆங்கிலத்தில் மிக மரியாதையாக எழுதுங்கள். இந்த நாட்டில் அதுதான் கூடுதலாக உறைக்கும்.