இல்லாத ஓவியர் செய்த குற்றம்

சிங்கப்பூரின் அரசியல் கார்ட்டூனிஸ்ட்களிலேயே மகா கெட்டிக்காரர் சார்லி சான் ஹோக் சாய். ஆயுசு முழுக்க அரசாங்கத்தைக் கிண்டலடித்தும் போலீஸ் அவரைத் தொடவில்லை. எப்படித் தொடும்? அப்படி ஓர் ஆள் பிறக்கவே இல்லை. 2015இல் வந்த காமிக்ஸ் புத்தகத்துக்காக சோனி லியூ பெற்றெடுத்த கற்பனைப் பிள்ளை அவர்.

அதில் லீ குவான் இயூ ஓரிடத்தில் சருகுமானாகத் துள்ளுகிறார். விசாரணையே இல்லாமல் உள்ளே போன லிம் சின் சியோங், இன்னொரு கதையில் பிரதமராகிவிடுகிறார். அபாண்டம்தான்! ஆனால் நிஜத்தில் நடந்த கூத்துக்கு இதெல்லாம் உறை போடக் காணாது.

1959 தேர்தலில் 51 இடங்களில் 43ஐ மக்கள் செயல் கட்சி அள்ளியது. சிறையிலுள்ள தோழர்களை விட்டால்தான் பதவியேற்பேன் என்று முறுக்கிக்கொண்டார் கட்சியை வழிநடத்திய லீ. வெள்ளைக்காரன் இறங்கிவந்தான். ஜூன் 4, சாங்கிச் சிறைக் கதவு திறந்தது: லிம், வுட்ஹல், ஜேம்ஸ் புதுச்சேரி, தேவன் நாயர் என எட்டுப் பேர் வெளியே.

1961இல் கட்சி உடைந்தது. 1963 பிப்ரவரி 2, ஆபரேஷன் கோல்டுஸ்டோர் என்ற கைது வேட்டை. நூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஒரே வீச்சில் அள்ளினார்கள். லிம், வுட்ஹல், புதுச்சேரி மூவரும் மறுபடி உள்ளே. லீயின் பக்கமே நின்ற தேவன் நாயருக்குக் கிடைத்தது வேறு விலாசம். தேக்காவிலிருந்து பொடிநடையாகப் போய்விடலாம்: அதிபர் மாளிகையான இஸ்தானா! 1981இல் அவர் நாட்டின் அதிபர்.

கதை அதோடு முடியவில்லை. 1985இல் பதவி விலகினார். 1988இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைபட்ட வழக்கறிஞர் பிரான்சிஸ் சியாவ் தன் சிறைக்கதையைப் புத்தகமாக்கியபோது, அதற்கு முன்னுரை யார்? சாட்சாத் முன்னாள் அதிபர். கைதி, அதிபர், கைதியின் புத்தகத்துக்கு முன்னுரைக்காரர்! எந்தக் கார்ட்டூனிஸ்டாவது இப்படி வரைந்து நீட்டினால், 'நம்புகிற மாதிரி கொண்டு வாப்பா' என்று ஆசிரியர் விரட்டியிருப்பார்.

தேசிய கலைகள் மன்றத்துக்கோ சார்லி சான் என்ற கற்பனைக் கிழவர்மேல்தான் கோபம். அரசின் அதிகாரத்துக்குக் குந்தகம் என்று, புத்தகத்துக்கு ஒதுக்கிய 8,000 வெள்ளி மானியத்தைத் திரும்பப் பெற்றது. பதிப்பாளர் அட்டையிலிருந்த மன்றச் சின்னத்தின்மேல் ஸ்டிக்கர் ஒட்டிக் கடைக்கு அனுப்பினார். சுடச்சுட விற்றுத் தீர்ந்தது.

2017இல் அதே புத்தகம் காமிக்ஸ் உலகின் ஐஸ்னர் விருதுகளில் மூன்றைத் தட்டி வந்தது. வாழ்த்தாமல் இருக்க முடியுமா? மன்றமும் பேஸ்புக்கில் சோனி லியூவை வாயார வாழ்த்தியது. எந்தப் புத்தகத்துக்கு விருது என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்தக் காலத்துப் பத்தினிகள் புருஷன் பேரைச் சொல்வார்களா என்ன!