சாமி உத்தரவு

சொந்த புத்தி கொஞ்சமாக இருப்பவனுக்குத் தெய்வ பக்தி நிறைய இருக்க வேண்டும். எனக்கு இரண்டும் அந்த அளவுப்படியே அமைந்திருக்கின்றன. பையனை எந்தக் காலேஜில் சேர்ப்பது, பெண்ணுக்கு வந்த ஜாதகத்துக்கு என்ன பதில் சொல்வது என்று எது வந்தாலும், "சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுவோம்" என்பேன். கேட்பதற்கு முன்பே நான் முடிவு செய்துவிட்டது சாமிக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும்.

கேட்பதற்கு நம் ஊரில் வழிக்கா பஞ்சம்? சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று, தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சந்நிதியில் வைத்து, விவரம் தெரியாத குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். காங்கேயம் பக்கத்துச் சிவன்மலையில் இன்னும் கறார். பக்தரின் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொன்னாலும், பூப்போட்டுக் கேட்டு, வெள்ளைப் பூ வந்தால்தான் அது கோயிலின் உத்தரவுப் பெட்டிக்குள் போகும். சொன்னவரிடமே திரும்பக் கேட்டு உறுதி செய்துகொள்கிற அந்த நிதானம் எனக்குக் கிடையாது.

உத்திரமேரூரில் குடத்தில் ஓலை போட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் சொல்லித்தான் ஊர்ச் சபைக்கு ஆள் சேர்த்தார்கள். ஆனால் முதலாம் பராந்தகன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டைப் பாருங்கள்: வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனை வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள், முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவன் ஆகாது. அத்தனையும் சலித்த பிறகுதான் குடம். நான் நேரே குடத்துக்குப் போகிற ஆள்.

இப்போது ஊருக்கு வெளியே ஒரு மனை வந்தது. புரோக்கர், "இன்னிக்கே டோக்கன் போட்டுடுங்க சார்" என்றார். பொட்டலம் மடித்தேன். வெள்ளைப் பூ இருந்த பொட்டலத்தின் நுனியை மட்டும் கொஞ்சம் தூக்கலாக விட்டேன், குழந்தையின் கண்ணில் படட்டுமே என்று. எதிர்வீட்டு வாண்டு அதைத் திரும்பியே பார்க்காமல் சிவப்பை எடுத்தது.

உடனே மேல்முறையீடு. இடது கையால் எடுத்தது செல்லாது என்றேன். அப்புறம், ராகு காலம் முடிந்ததா என்று சந்தேகம் கிளப்பினேன். கடைசியில், சிவப்புதானே மங்களகரம் என்று சட்டத்தையே திருத்தினேன். அந்த நேரம் சுவரில் பல்லி சொல்ல, தரையைத் தட்டி அதையும் என் கட்சிச் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டேன்.

சாமியைத் தன் சௌகரியத்துக்கு வளைத்ததில் எனக்கு முன்னோடி உண்டு. திருவொற்றியூரில் சங்கிலியாரிடம் 'உன்னைப் பிரியேன்' என்று சத்தியம் செய்ய வேண்டிய சுந்தரர், அந்த நேரம் மட்டும் கோயிலை விட்டு மகிழமரத்தடிக்குப் போய்விடும்படி சிவனிடம் கேட்டுக்கொண்டார். சிவனும் சம்மதித்துவிட்டு, சத்தியத்தை மகிழமரத்தடியிலேயே வாங்கச் சொல்லிச் சங்கிலியாருக்கும் சேதி சொல்லிவிட்டார். சத்தியத்தை மீறிப் புறப்பட்ட சுந்தரருக்குக் கண் போயிற்று. தம்பிரான் தோழருக்கே இந்தக் கதி என்றால், தவணையில் பைக் வாங்கிய எனக்கு?

இத்தனையையும் வெங்காயம் உரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள் மனைவி.

"முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தீங்களா? மூலப் பத்திரம், பட்டா?"

"சாமி உத்தரவு..."

"சாமி பத்திரத்துல சாட்சிக் கையெழுத்துப் போடுவாரா? எல்லாம் சரியா இருந்தா, என் பேர்ல பதியுங்க. பத்து லட்சத்துக்குள்ள உள்ள சொத்தைப் பொம்பளை பேர்ல பதிஞ்சா, பதிவுக் கட்டணத்துல ஒரு சதவீதம் குறைச்சிருக்காங்க. 2025 ஏப்ரல்லேர்ந்து அமல்ல இருக்கு."

யோசித்தேன். பெரிய முடிவு. என் பேரிலா, அவள் பேரிலா?

"எதுக்கும் சாமிகிட்ட ஒரு வார்த்தை..." என்று இழுத்தேன்.

"தாராளமா கேளுங்க" என்றாள். "இந்தத் தடவை பொட்டலத்தை நான் மடிக்கிறேன்."